அரைச் சுற்றுக் கைராசி

அவர் தொட்டால் மொண்ணைக் கத்தி மலையைப் பிளக்கும் என்றார்கள். அவர் கை பட்டதும் துருப்பிடித்த கோடாரி ஒன்று விம்மி அழுதது என்றார்கள். கோடாரி எப்படி அழும், அதுவும் கம்ப்யூட்டருக்குள் இருக்கிற கோடாரி எப்படி அழும் என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. கேட்க நேரமில்லை. இடம் பிடிக்கவே நேரம் போதவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் அந்தக் கேம் சென்டர் வாசலில் சைக்கிள் நிறுத்த இடம் கிடைக்காது. உள்ளே போனால் மூச்சு விட இடம் கிடைக்காது. பழைய மருந்துக்கடையைக் காலி செய்து போட்ட சென்டர் அது. சுவரில் இருமல் மருந்து விளம்பரம் பாதி கிழிந்து இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர்களின் சூடும் ஆட்களின் வேர்வையும் சேர்ந்து புழுங்கும். மின்விசிறி சுற்றுகிறேன் பேர்வழி என்று சுற்றும். அத்தனை பேருக்கும் நடுவில், பஞ்சு பிதுங்காத ஒரே நாற்காலியில், கைராசி அண்ணன் உட்கார்ந்திருப்பார்.

யார் இந்தக் கைராசி அண்ணன்? போன வருஷம் வரைக்கும் செல்போனுக்குக் கண்ணாடித்தாள் ஒட்டிக்கொண்டிருந்தவர். அவர் ஒட்டினால் தாளுக்கும் போனுக்கும் நடுவில் குமிழி குமிழியாகக் காற்று நிற்கும். ஒரு தாளை ஒழுங்காக ஒட்டத் தெரியாத அந்தக் கைக்குத்தான் இப்போது ராசி வந்திருந்தது. எங்கிருந்து வந்தது, எந்த வழியாக வந்தது என்றெல்லாம் கேட்கக் கூடாது. ராசி என்றால் வரும். அவ்வளவுதான்.

விளையாட்டின் பேர் இரும்புக் காடு. முன்னே பின்னே பார்த்திராத ஆட்களெல்லாம் இணையத்தில் கூடிக்கொண்டு, காட்டுக்குள் போய்ப் பன்றியையும் பாம்பையும் இறக்கை முளைத்த ஏதேதோ ஜந்துவையும் அடித்துக் கொல்கிற விளையாட்டு. அடிக்க ஆயுதம் வேண்டும். ஆயுதம் பலமாக வேண்டும் என்றால் அதை உலையில் வைத்து அப்கிரேடு செய்ய வேண்டும். அதற்குக் கல் போட வேண்டும். சிவப்பு, நீலம், கறுப்பு என்று கல் பலவிதம். எந்த ஆயுதத்துக்கு எந்தக் கல் பொருந்தும் என்பதில்தான் சிக்கல். கல் கிடைப்பது குதிரைக்கொம்பு. தப்பான கல்லை உலையில் போட்டுவிட்டால் போட்டதுதான், திரும்ப எடுக்க முடியாது.

பயம் இருக்கிற இடத்தில் ஒரு நாற்காலி போட்டால் போதும். உட்கார ஒருத்தன் வந்துவிடுவான். கைராசி அண்ணன் வந்தார்.

முறை இதுதான். விளையாட்டுக்குள்ளே ஒரு பயிற்சித் திடல் உண்டு. அங்கே உலையைப் பார்த்தபடி ஒரு சாக்குப் பொம்மையை நட்டு வைத்திருப்பார்கள். வைக்கோல் திணித்த மூட்டை. கண் கிடையாது, மூக்கு கிடையாது, எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே சாக்கு. நீங்கள் உங்கள் வாளால் அதை ஒரு போடு போட வேண்டும். எவ்வளவு டேமேஜ் என்று பொம்மையின் தலைக்கு மேல் ஒரு எண் பறக்கும். நூறு என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அண்ணன் பக்கத்தில் வருவார். கண்ணை மூடுவார். ஸ்க்ரீன் மேல் உள்ளங்கையை வைப்பார். "சிவப்பு கேக்குது" என்பார், இல்லாவிட்டால் "நீலம்னு முனகுது" என்பார். அவர் சொன்ன கல்லை நீங்கள் போட்டதும் மவுஸை வாங்கிக்கொள்வார். உங்கள் ஆளை அந்தப் பொம்மையை அரைச் சுற்று சுற்ற வைப்பார். மெதுவாக, பயபக்தியோடு. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும். சுற்றி முடித்து நின்ற இடத்திலிருந்து ஒரு போடு. எண் பறக்கும். இருநூறு.

அத்தனை பேரும் வாயைப் பிளப்பார்கள்.

இதற்குக் கூலி கிடையாது. அண்ணன் காசைத் தொட மாட்டார். தொட்டால் கைராசி கெட்டுவிடுமாம். அதற்குப் பதிலாக உங்களிடம் இருக்கிற இன்னொரு ஆயுதத்தை உருக்க வேண்டும். உருக்கினால் 'கரு' என்று ஒன்று மிஞ்சும். அந்தக் கருவில் தோஷம் இருக்கிறது, வைத்துக்கொள்ளக் கூடாது. அண்ணனிடம் ஒப்படைத்துவிட்டால் காட்டின் எல்லையில் இருக்கிற எரிமலையில் கொண்டுபோய்ப் போட்டுவிடுவார். எவ்வளவு பெரிய மனசு பாருங்கள். ஊரார் தோஷத்தையெல்லாம் ஒருத்தரே சுமக்கிறார்.

நிபந்தனையும் உண்டு. ராசி ஏற்றிய ஆயுதத்தால் மறுபடி பொம்மையை அடிக்கக் கூடாது. அடித்தால் ராசி கரைந்துவிடும். சந்தேகப்படக் கூடாது, பட்டாலும் கரைந்துவிடும். காட்டுக்குப் போய் ஜெயித்தவன் "எல்லாம் அண்ணன் கை" என்றான். தோற்றவனை நாலு பேர் சூழ்ந்துகொண்டு, மனசுக்குள் சந்தேகப்பட்டாயா, உண்மையைச் சொல் என்று குடைந்தார்கள். அவனும் யோசித்துப் பார்த்துவிட்டு, ஆமாம், லேசாகப் பட்டுவிட்டேன் என்று தலையைத் தொங்கப் போட்டான். வாள் பழைய வாள்தான் என்பது அடி வாங்கிய பன்றிக்குத் தெரியும். பன்றி வாயில்லாப் பிராணி.

இந்தக் கூட்டத்தில் வெல்டர் ஒருவர் இருந்தார். இரும்பு கேட் செய்கிற பட்டறையில் வேலை. பற்றவைத்த இடத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்க்காமல் ஒரு கேட்டையும் வெளியே அனுப்ப மாட்டார். முதலாளியே வந்து, நன்றாகத்தான் இருக்கிறது, அனுப்பு என்று சொன்னாலும் தட்டிப் பார்ப்பார். அப்படிப்பட்ட மனுஷன் பட்டறையைப் பூட்டிவிட்டுச் சென்டருக்குள் காலை வைத்ததும் சுத்தியலையும் புத்தியையும் வாசலிலேயே விட்டுவிடுவார். நிஜ இரும்பைத் தட்டிப் பார்ப்பார், பொய் இரும்புக்குக் கைகட்டி நிற்பார்.

அவருக்கு ஒரு மனக்குறை. அவர் பெண்டாட்டியும் இரும்புக் காடு விளையாடினாள். அவரே கூட்டிவந்து பழக்கிவிட்டதுதான். வந்தவள் அவரைத் தாண்டிப் போய்விட்டாள்.

அவளுக்கு லாண்டரியில் வேலை. ஆஸ்பத்திரி விரிப்புகளை இஸ்திரி போட வேண்டும். நாளெல்லாம் யாரோ படுக்கிற விரிப்பு, யாரோ போர்த்துகிற போர்வை. வீட்டுக்கு வந்தால் எல்லாருக்கும் பொதுவான அடுப்பு, எல்லாருக்கும் பொதுவான பாத்திரம். இது என்னுடையது என்று கைநீட்டிச் சொல்ல இந்த உலகத்தில் அவளுக்கு இருந்தது ஒரு வில். வெள்ளிக் கம்பி கட்டிய வில். இறக்கை முளைத்த ஜந்து ஒன்றை வாரக்கணக்கில் துரத்தி, தனி ஆளாக வீழ்த்தி எடுத்தது. அந்தச் சென்டரில் அதுபோல் இன்னொன்று கிடையாது.

வெல்டர் வாளை ஓங்கிக்கொண்டு பன்றியிடம் போய்ச் சேருவதற்குள் எங்கிருந்தோ ஒரு அம்பு வந்து பன்றியின் கதையை முடித்துவிடும். இதைப் பார்த்துவிட்ட டயர் கடைக்காரர், அண்ணனின் முதல் சீடர், ஒருநாள் எல்லார் முன்னாலும் கேட்டார்: "ஏன் வெல்டரே, பன்னியை அடக்கம் பண்ணத்தான் நீங்க போறீங்களா?"

அன்றைக்கு வெல்டருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அடுத்த நாளே அண்ணன் முன்னால் போய் நின்றார்.

அண்ணன் ஸ்க்ரீன் மேல் கையை வைத்தார். சுட்டதுபோல் எடுத்தார். மறுபடி வைத்தார்.

"உன் வீட்டுல இன்னொரு ஆயுதம் இருக்கே. வளைஞ்ச ஆயுதம்."

வெல்டருக்குப் புல்லரித்துவிட்டது. வாரா வாரம் பெண்டாட்டி அதே சென்டரில், அண்ணன் நாற்காலிக்குப் பின் வரிசையில் உட்கார்ந்து அந்த வில்லால்தான் விளையாடுகிறாள் என்பது அவர் நினைவுக்கு வரவே இல்லை. புல்லரிக்கும்போது நினைவு வேலை செய்யாது.

"வில்லுண்ணே. என் வீட்டுக்காரியோடது."

"அதான் பாத்தேன். ஒரே வீட்டுல ரெண்டு ஆயுதம் ஆகாது தம்பி. அதுவும் பொம்பளை ஆயுதம் ஓங்குச்சுன்னா ஆம்பளை ஆயுதத்தோட ராசியைத் தின்னுடும். உன் வாளு இளைச்சுப் போய்க் கெடக்கு. வில்லை உருக்கிட்டுக் கருவைக் கொண்டா. அப்புறம் பாரு உன் வாளை."

வீட்டில் பேச்சை எப்படி ஆரம்பிப்பது என்று வெல்டருக்குத் தெரியவில்லை. சமையலறைக்குள் போய்ப் பெண்டாட்டி பக்கத்தில் நின்று பாத்திரம் துலக்கிக் கொடுத்தார். கல்யாணமான நாளிலிருந்து செய்யாத வேலை. அவள் உடனே உஷாராகிவிட்டாள்.

"என்னத்தை உடைச்சீங்க?"

"ஒண்ணும் உடைக்கல."

"அப்ப என்னத்தை உடைக்கப் போறீங்க?"

வெல்டர் தட்டைத் துடைத்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். அவள் கோபப்படவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாக யோசித்தாள்.

"என் வில்லு உங்க வாளோட ராசியைத் தின்னுது. அப்படித்தானே?"

"ஆமா."

"ஏங்க, தின்னா குண்டாகணும்ல? என் வில்லு போன மாசம் எவ்வளவு அடிச்சுதோ இப்பவும் அவ்வளவுதான் அடிக்குது. தின்னதெல்லாம் எங்க போச்சு?"

வெல்டருக்குப் பதில் தெரியவில்லை. பதில் தெரியாத புருஷன்மார் எல்லாரும் என்ன செய்வார்களோ அதைச் செய்தார். பொம்பளைகளுக்கு இதெல்லாம் புரியாது என்றார். பின்னால் நின்று அம்பு விடுவதெல்லாம் ஒரு சண்டையா என்றார். நேருக்கு நேர் நின்று அடிக்கிற ஆயுதத்துக்கு முன்னால் வில் எல்லாம் ஒரு ஆயுதமா என்றார். ஆயுதமே அல்லாத ஒன்றைக் கண்டு இவர் வாள் ஏன் இளைத்துப் போனது என்று அவள் கேட்கவில்லை. போய்ப் படுத்துவிட்டாள்.

இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது. வெல்டர் அண்ணனிடம் போய் முறையிட்டார். அண்ணன் குரலைத் தாழ்த்திக்கொண்டு, அவளுடைய பாஸ்வேர்டு உனக்குத் தெரியும்தானே, நீ புருஷன்தானே என்று கேட்டார். ராசி விஷயத்தில் இதெல்லாம் திருட்டில் சேராதாம்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வெல்டர் தனியாகச் சென்டருக்கு வந்தார். பெண்டாட்டி பேரில் உள்ளே நுழைந்தார். வில்லை எடுத்து உலையில் வைத்தார். 'உருக்கு' என்ற பொத்தானை அழுத்தினார். விளையாட்டு ஒரு சின்னக் கட்டத்தைக் காட்டிக் கேட்டது: நிச்சயமாகவா?

அந்தச் சென்டரில் இத்தனை மாதத்தில் யாரிடமும் யாரும் கேட்காத கேள்வி. மெஷின் கேட்டது.

வெல்டர் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வில் கிடைத்த அன்று அவள் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றதும், யாராவது பார்த்தார்களா என்று திரும்பித் திரும்பித் தேடியதும், அவர் மட்டும் பார்க்காததுபோல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டதும் அவர் கண் முன்னால் வந்தது. 'வேண்டாம்' என்பதை அழுத்திவிட்டு எழுந்தார். பட்டறைக்குத் திரும்பிப் போய் ஒரு கேட்டைத் தேவைக்கு மேல் தட்டினார்.

சாயங்காலம் பெண்டாட்டியிடம் நடந்ததைச் சொல்லிவிட்டார். அவள் அடுப்பை அணைத்துவிட்டு அவர் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"ஞாயித்துக்கிழமை நானே வரேன். எல்லார் முன்னாலயும் உருக்கறேன். அதுக்கு முன்னாடி அந்தக் கையை நான் பக்கத்துல நின்னு பாக்கணும்."

ஞாயிற்றுக்கிழமை சென்டர் பிதுங்கி வழிந்தது. வெள்ளி வில்லை உருக்கப் போகிறார்கள் என்று டயர் கடைக்காரர் தெருத் தெருவாகச் சொல்லிவைத்திருந்தார். சென்டர் முதலாளி எங்கிருந்தோ பெஞ்சுகளை இரவல் வாங்கிப் போட்டிருந்தார். அண்ணன் சட்டைக்குக் கஞ்சி போட்டுக்கொண்டு வந்திருந்தார். வெல்டரின் பெண்டாட்டி பக்கத்துக் கம்ப்யூட்டரில் திறந்துவைத்திருந்த வில் மேலேயே அவர் கண் இருந்தது. பசித்தவன் தட்டைப் பார்க்கிறமாதிரி பார்த்தார்.

முதலில் வேறு சிலருடைய ஆயுதங்களுக்கு ராசி ஏற்றினார். வெல்டரின் பெண்டாட்டி அண்ணனின் தோளுக்குப் பின்னால் நின்றாள். எல்லாரும் அண்ணனின் கையைப் பார்த்தார்கள். அவள் மட்டும் பொம்மையைப் பார்த்தாள். ஒரு ஆயுதம், அரைச் சுற்று, இரட்டிப்பு. இன்னொரு ஆயுதம், அரைச் சுற்று, இரட்டிப்பு. பக்கத்தில் நின்ற டயர் கடைக்காரரிடம் மெதுவாகக் கேட்டாள்.

"அண்ணே, அது என்ன அரைச் சுத்து?"

"அதுலதானேம்மா ராசியே ஏறுது."

"அரைச் சுத்துக்கே ரெட்டிப்பு வருதுன்னா, முழுச் சுத்து சுத்தினா நாலு மடங்கு வரணும்ல?"

டயர் கடைக்காரர் திறந்த வாயை மூடவில்லை. இத்தனை நாள் இது நமக்குத் தோன்றவில்லையே என்ற வருத்தம் அவர் முகத்தில் தெரிந்தது. பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். அவர் அடுத்தவரிடம் சொன்னார். புத்தியால் நகராத கூட்டம் பேராசையால் நகர்ந்தது. கொஞ்ச நேரத்தில் சென்டர் முழுக்க ஒரே பேச்சு: முழுச் சுற்று, நாலு மடங்கு.

இதற்குள் வெல்டரின் முறை வந்தது. வாளால் பொம்மையை அடித்தார். நூறு. அண்ணன் கையை வைத்தார். சிவப்பு கேட்கிறது என்றார். வெல்டர் தன்னிடம் இருந்த ஒரே சிவப்புக் கல்லை உலையில் போட்டார். அண்ணன் அரைச் சுற்று சுற்றினார். அடித்தார். இருநூறும் கொஞ்சம் சொச்சமும்.

வெல்டர் தன்னை மறந்து பெண்டாட்டி பக்கம் திரும்பி, "பாத்தியா?" என்றார். அவளோடு பழையபடி பேசின சந்தோஷமும் அதில் இருந்தது.

"பாத்தேன்" என்றாள். பிறகு அண்ணனிடம் சொன்னாள். "அண்ணே, முதல்ல நின்ன இடத்துலேருந்து முழுச் சுத்து ஒண்ணு சுத்தி அடிங்க. நானூறு வந்துச்சுன்னா நான் இப்பவே வில்லை உருக்கி உங்க கையில தரேன். ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

மறுபடி பொம்மையை அடித்தால் ராசி கரையும் என்றார் அண்ணன், முழுச் சுற்று ஆபத்து என்றார். ஆயுதம் தாங்காது என்றார். ஆனால் கூட்டம் விடவில்லை. தாங்காவிட்டால் என் கோடாரியில் செய்யுங்கள், என் ஈட்டியில் செய்யுங்கள் என்று ஆளாளுக்கு முட்டினார்கள். அண்ணன் அன்றுவரை வளர்த்த நம்பிக்கை அவர் கழுத்தையே பிடித்து நாற்காலியில் அழுத்தியது. எதிரே வெள்ளி வில் வேறு. அண்ணன் மவுஸைப் பிடித்தார்.

முதலில் நின்ற இடத்துக்குப் போய் அங்கிருந்து கிளம்பினார். பொம்மையின் மறுபக்கம் வந்தார். அங்கே லேசாகத் தயங்கினார். கூட்டம் "சுத்துங்கண்ணே" என்றது. சுற்றிப் பழைய இடத்துக்கே வந்தார். ஆனால் நிற்கவில்லை. நைசாக மேலும் நகர்ந்தார்.

"அண்ணே, நில்லுங்க" என்றாள் அவள். "முழுச் சுத்து ஆச்சு. கிளம்பின இடத்துக்கு வந்தாச்சு. அடிங்க."

"ஆமாண்ணே, ஆச்சு, அடிங்க" என்று டயர் கடைக்காரரே சொல்லிவிட்டார்.

அண்ணன் அடித்தார். எண் பறந்தது.

நூறும் கொஞ்சம் சொச்சமும்.

சென்டரில் மின்விசிறிச் சத்தம் கேட்டது. முதல்முறையாக அது ஓடுகிறது என்று எல்லாருக்கும் தெரிந்தது.

அண்ணன் சளைக்கவில்லை. கயிற்றை ஒரு பக்கம் முறுக்கினால் ஏறும், அதே பக்கம் அதிகமாக முறுக்கினால் அவிழும் என்றார். முழுச் சுற்றில் ராசி அவிழ்ந்துவிட்டது, அப்போதே சொன்னேனே, கேட்டீர்களா என்றார். எந்த ஊர்க் கயிறு அப்படி அவிழும் என்று யாரும் யோசிக்கவில்லை. பாதிப் பேர் தலையாட்டினார்கள். ஆட்டிப் பழகிய தலை, சட்டென்று நிற்காது. வெல்டரின் தலையும் ஆட ஆரம்பித்தது. பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"சரிண்ணே" என்றாள் பெண்டாட்டி. "ராசி உங்க கையிலதானே? என் கையில ஒண்ணும் கிடையாதுல்ல?"

"உன் கையில என்னம்மா இருக்கு, இஸ்திரிச் சூடுதான் இருக்கு" என்றார் அண்ணன். சிலர் சிரித்தார்கள்.

அவள் தன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். வில்லை எடுக்கவில்லை. விளையாட்டில் சேருகிற எல்லாருக்கும் முதல் நாள் ஓசியில் ஒரு கத்தி கொடுப்பார்கள். வாழைப்பழத்தைக்கூட வெட்டாது. அந்தத் துருக்கத்தியை எடுத்தாள். கல் எதுவும் போடவில்லை. கண்ணை மூடவில்லை. பொம்மையை நேரே நின்று அடித்தாள். ஒன்பது. விறுவிறுவென்று அரைச் சுற்று போய் மறுபக்கம் நின்று அடித்தாள். பதினெட்டு.

திரும்பி நேரே வந்தாள். ஒன்பது. பின்னால் போனாள். பதினெட்டு. முன்னால் ஒன்பது, பின்னால் பதினெட்டு. இஸ்திரிப் பெட்டியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளுகிறமாதிரி அலட்சியமாகச் செய்து காட்டினாள்.

"முதுகுல அடிச்சா ரெட்டிப்பு விழும். இந்த கேமோட விதி அது. அந்த மூட்டைக்கு முகம் எது, முதுகு எதுன்னு நமக்குத் தெரியலைன்னாலும் கேமுக்குத் தெரியும். எந்தக் கத்தியா இருந்தாலும் விழும். யார் கையா இருந்தாலும் விழும்."

இவ்வளவு சின்ன விஷயம் இத்தனை ஆண்களுக்கு ஏன் தெரியாமல் போனது என்று கேட்பீர்கள். வீரம்தான் காரணம். சென்டர் திறந்த புதிதில் ஒருத்தன் இன்னொருத்தனை விளையாட்டுக்குள் முதுகில் குத்திவிட்டான். குத்து வாங்கியவன் மானம் போய்விட்டது என்று நிஜ நாற்காலியைத் தூக்கிவிட்டான். அன்றைக்கே முதலாளி அட்டை எழுதி மாட்டினார்: முதுகில் குத்துகிறவனுக்கு இங்கே இடமில்லை. அதிலிருந்து இந்த வீரர்கள் எதையும் முதுகில் அடித்ததில்லை. பன்றியைக்கூட எதிரே போய் நின்று, நெஞ்சை நிமிர்த்தி, அது முட்டின பிறகுதான் அடிப்பார்கள். முகம் இல்லாத சாக்கு மூட்டைக்கும் அந்த மரியாதை உண்டு. வில் பிடித்தவளுக்கு அப்படி ஒரு மானக் கணக்கு இல்லை. பன்றி எந்தப் பக்கம் காட்டுகிறதோ அந்தப் பக்கம் அடித்தாள், எண்ணைப் பார்த்தாள், தெரிந்துகொண்டாள். அண்ணனும் வீரர் இல்லை. விளையாட்டோடு வருகிற விதிப் பக்கத்தை அந்த ஆண்களில் அவர் ஒருத்தர் மட்டும் படித்திருந்தார். எல்லாரும் படிக்காமல் விட்டதை ஒருத்தன் படித்துவிட்டால் அவனுக்குப் பேர் மகான்.

அப்புறம் யாரும் யாரிடமும் கேட்கவில்லை. ஆளாளுக்குக் கம்ப்யூட்டரைப் பிடித்தார்கள். ஈட்டி, கோடாரி, கதாயுதம், அரிவாள் என்று எல்லாம் பொம்மையைச் சுற்றி வந்தது. சென்டர் முழுக்க எண்கள் பறந்தன. எல்லா ஆயுதத்துக்கும் முதுகில் ராசி இருந்தது.

அண்ணன் வாசலை நோக்கி நழுவினார். டயர் கடைக்காரர் வழியில் நின்றார். அண்ணனுக்காகத் தன் ஈட்டியையும் தம்பியின் கேடயத்தையும் மாமனாரின் கோடாரியையும் உருக்கினவர் அவர்.

"அண்ணே, என் கருவெல்லாம் எந்த எரிமலையில போட்டீங்க? கொஞ்சம் காட்டுங்க, பாப்போம்."

காட்ட வைத்தார்கள். அண்ணன் தன் ஆளைத் திரையில் கொண்டுவந்து நிறுத்தினார். இடுப்பில் ஒரு வாள் தங்கமாகத் தகதகத்தது. அதன் பிடியில் அழுத்தியதும் அதற்குள் போன கருவெல்லாம் வரிசையாக வந்து நின்றன. ஈட்டிக் கரு, கேடயக் கரு, மாமனார் கோடாரிக் கரு. எரிமலை அண்ணனின் இடுப்பிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

யாரும் அடிக்கவில்லை. மகான் என்று நேற்று சொன்ன வாயால் இன்று திட்டவும் வெட்கமாக இருந்தது. அண்ணன் கஞ்சி போட்ட சட்டை கசங்காமல் வெளியே போனார். பிறகு கேள்விப்பட்டது, வேறொரு தெருவில் பரீட்சைப் பேனாவுக்கு ராசி ஏற்றிக்கொண்டிருக்கிறாராம். அங்கேயும் கூட்டமாம்.

வெல்டர் மட்டும் தன் கம்ப்யூட்டரை விட்டு எழவில்லை. பெண்டாட்டி பக்கத்தில் வந்து உட்கார்ந்து உலையின் விதிப் பக்கத்தைத் திறந்து காட்டினாள். திடலில் எந்தக் கல்லையும் இரவல் வாங்கி மாட்டிப் பார்க்கலாம், கழற்றித் திருப்பிக் கொடுக்கலாம் என்று அதில் எழுதியிருந்தது. கல்லை மாட்டிவிட்டு, ஒரே இடத்தில் நின்று அடித்து எண்ணைப் பார்க்க வேண்டும். இன்னொரு கல்லை மாட்டி, அதே இடத்தில் நின்று அடித்துப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் வித்தை. வெல்டர் தன் பழைய வாள் ஒன்றில் ஒவ்வொன்றாக மாட்டித் தட்டித் தட்டிப் பார்த்தார். கறுப்புக் கல்லுக்கு எண் நன்றாக ஏறியது. அண்ணன் காதில் கேட்ட சிவப்புக் கல்தான் இருப்பதிலேயே மட்டம். நல்ல வாளில் அது போய் உட்கார்ந்துவிட்டது. இனி எடுக்க முடியாது.

"கெடுத்துக்கிட்டேன்" என்றார் மெதுவாக.

"வாளைத்தானே" என்றாள் அவள். வில்லை எடுத்து மாட்டிக்கொண்டாள். "கிளம்புங்க, பன்னி வந்துடும். இந்தத் தடவை நீங்க அதுக்குப் பின்னால போங்க, நான் முன்னால நிக்கறேன்."

அதற்குள் நாற்காலியைச் சுற்றி நிழல் விழுந்தது. கூட்டம் மறுபடி கூடியிருந்தது. முன்னால் நின்றது டயர் கடைக்காரர். தன் கோடாரியைத் திரையில் நிறுத்திவைத்துவிட்டு அடக்கமாகக் கேட்டார்.

"அக்கா, உங்க கையால ஒரு தடவை தொட்டுக் குடுத்துடுங்க. எந்தக் கல்லுன்னு நீங்களே சொல்லிடுங்க."

அவள் விதிப் பக்கத்தைக் காட்டினாள். இதைப் படியுங்கள், படித்தது நிஜமா என்று அடித்துப் பாருங்கள் என்றாள். படிக்கவா என்று டயர் கடைக்காரர் முகம் சுருங்கியது. கிட்னி கேட்டிருந்தால்கூட அவ்வளவு யோசித்திருக்க மாட்டார்.

"அண்ணே" என்றாள் அவள், "ஆளுக்கு ரெண்டு கை இருக்கு. அதுல ராசி இருக்கான்னு ஊரெல்லாம் தேடறோம். தலை ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. அதுல ஏதாவது இருக்கான்னு ஒரு தடவை தேடிப் பாக்கக் கூடாதா?"

டயர் கடைக்காரர் உருகிப்போனார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பின்னால் திரும்பிக் கூட்டத்திடம் சொன்னார்: "கேட்டீங்கல்ல? அக்கா வாக்கு அப்படியே பலிக்கும்."

கூட்டம் தலையாட்டியது.

நீங்கள் ஆட்டாதீர்கள். இந்தக் கதையையும் ஒரு சுற்று சுற்றி வந்து, முதுகுப் பக்கம் ஒரு தட்டு தட்டிப் பார்த்துவிட்டு நம்புங்கள்.